லவ்பேர்ட்: சுங்கை சிப்புட் வாசகர்கள் கேட்டவை

இந்த மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பறவையைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு லவ்பேர்ட் என்று சொல்லி ஒரு ஜோடி வாங்கி வந்தேன். என் அண்ணி பார்த்துவிட்டு, "இது லவ்பேர்டே இல்லை, நீளவால் வைத்த சின்னக் கிளிதான் லவ்பேர்ட்" என்கிறார். யார் சொல்வது சரி?

நீங்கள் வாங்கியதுதான் லவ்பேர்ட். ஆனால் அண்ணியைக் குறை சொல்ல முடியாது. தமிழ்க் குடும்பங்களில் பட்ஜியைத்தான் காலங்காலமாக "லவ் பேர்ட்ஸ்" என்று அழைத்து வருகிறோம். பட்ஜி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. வால் நீளம், கழுத்திலும் முதுகிலும் கறுப்புக் கோடுகள், அலகுக்கு மேலே நீலமாகவோ பழுப்பாகவோ ஒரு மூக்குத் திட்டு இருக்கும். லவ்பேர்ட் ஆப்பிரிக்கக் கிளி. குட்டை வால், தடித்த உடல், உடம்புக்குப் பெரிய அலகு. எடை ஏறக்குறைய 50 கிராம்.

மொத்தம் 9 இனங்கள் உண்டு. எட்டு ஆப்பிரிக்கப் பெருநிலத்தில், ஒன்று மடகாஸ்கரில். நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் மூன்றுதான். முகம் ரோஜா நிறம், அலகு வெளுத்த கொம்பு நிறம், கண்ணைச் சுற்றித் தடித்த வெள்ளை வளையம் இல்லை என்றால் அது பீச் ஃபேஸ். நமீபியாவும் அதை ஒட்டிய வறண்ட பகுதிகளும் அதன் தாய்நிலம். சிவப்பு அலகு, ஆரஞ்சு முகம், வெள்ளைக் கண்வளையம் என்றால் ஃபிஷர். அது வட தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்குத் தெற்கே உள்ள மேட்டு நிலத்துப் பறவை. கறுப்புத் தலை, மஞ்சள் கழுத்துப்பட்டை, வெள்ளைக் கண்வளையம் என்றால் மாஸ்க். அதுவும் தான்சானியாதான். கூண்டில் பிறந்த வண்ண வகைகளில் முகமும் உடலும் நிறம் மாறிவிடும். கண்வளையம் மாறாது, அதனால் அதைத்தான் முதலில் பாருங்கள். இனம் தெரியாமல் ஜோடி சேர்ப்பதால் வரும் தொல்லையைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: ஒன்று செத்தால் மற்றதும் ஏங்கிச் செத்துவிடும் என்கிறார்களே? ஒற்றையாக வளர்க்கலாமா? ஆண் பெண் எப்படித் தெரியும்?

ஏக்கத்தால் சாவதில்லை. பெரும்பாலும் முதல் பறவையைக் கொன்ற நோயோ விஷமோதான் இரண்டாவதையும் கொல்கிறது. ஒன்று திடீரெனச் செத்தால் தீனியையும் தண்ணீரையும் புகையையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

காட்டில் இவை கூட்டமாக வாழ்பவை. ஒற்றையாக வளர்க்கலாம், ஆனால் தினமும் 2 மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே யாராவது ஒருவர் அதோடு இருக்க வேண்டும். காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய் இரவில் திரும்பும் வீடென்றால் ஜோடியாக வாங்குங்கள்.

கடையில் வரும் மூன்று இனங்களிலும் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. முட்டையிடும் பருவத்துப் பெண்ணுக்கு எலும்பு விரிந்திருக்கும் என்பது உண்மைதான், ஆனால் இளம் பறவையில் அது பலிக்காது. மார்பிலிருந்து புதிதாகப் பிடுங்கிய நாலைந்து இறகை டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்புவதுதான் நம்பத்தக்கது. உதிர்ந்து கிடக்கும் இறகு உதவாது, அடித்தண்டில் உயிரணு இருக்க வேண்டும்.

ஒன்றையொன்று கொஞ்சுவதை வைத்து ஜோடி என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு ஆண்கள் அண்ணன் தம்பி போல ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு பெண்களும் ஜோடியாகிக் கூடு கட்டி முட்டையிடும். மூன்றாவதாக ஒரு பெண்ணைச் சேர்த்தால்தான் ஆபத்து. பெண் லவ்பேர்ட் எதிரியின் கால்விரலையே கடித்துத் துண்டாக்கிவிடும்.

கேள்வி: லயத்து வீட்டில் கூண்டை எங்கே வைப்பது? எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஒரு ஜோடிக்கு 80 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் என்பது குறைந்தபட்சம். பறவை குறுக்கேதான் பறக்கும், அதனால் உயரத்தைவிட நீளம் முக்கியம். கம்பி இடைவெளி 12 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குச்சிகள் 12 முதல் 20 மில்லிமீட்டர் வரை பல தடிமனில் இருக்கட்டும். கொய்யாக் கிளை மிக நல்லது. ஒரே தடிமனுள்ள பிளாஸ்டிக் குச்சியில் நாள் முழுக்க நின்றால் உள்ளங்காலில் புண் வரும்.

கம்பி வலை வாங்கி நீங்களே கூண்டு செய்வதென்றால் துத்தநாகப் பூச்சை மறக்காதீர்கள். இந்தப் பறவை கம்பியை ஓயாமல் கடிக்கும். புது வலையில் தொங்கும் பூச்சுத் துளிகள் வயிற்றுக்குள் போனால் துத்தநாக நஞ்சேறும். வலையைக் காடியும் தண்ணீரும் சம அளவு கலந்து கம்பித் தூரிகையால் தேய்த்து, பல முறை கழுவி, சில வாரம் வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்தால் ஆபத்து குறையும், முழுக்கப் போகாது. கையில் காசு இருந்தால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிக் கூண்டே வாங்குங்கள்.

தகரக் கூரைக்கு நேர் கீழே தொங்கவிடாதீர்கள். வெளியே 33 பாகை என்றால் தகரத்துக்கு அரை மீட்டர் கீழே அதைவிட நன்றாகவே ஏறியிருக்கும். வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குவதும் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிப்பதும் சூடு தாங்கவில்லை என்பதன் அடையாளம். வீட்டு முன் வாசலில், ஒரு பக்கம் சுவர் மறைத்து, காலை வெயில் அரை மணி நேரம் பட்டு, மற்ற நேரம் நிழலாக இருக்கும் இடம் சரி. இரவில் பூனை, எலி, பாம்பு மூன்றுக்கும் எட்டாமல் உள்ளே எடுத்து வையுங்கள்.

புகை விஷயத்தில் சமரசமே கூடாது. பறவையின் நுரையீரல் நம்முடையதைவிடப் பல மடங்கு வேகமாகக் காற்றிலுள்ளதை இழுத்துக்கொள்ளும். ஒட்டாத பூச்சுள்ள வாணலி வெறுமனே அடுப்பில் காய்ந்துவிட்டால் அதிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத ஆவியே கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஊதுவத்தி எல்லாம் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம். டிங்கிக்கு மருந்துப் புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் கூண்டை அன்றைக்கு வேறு பகுதியிலுள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு மாற்றுங்கள். போர்வை போட்டு மூடினால் போதாது.

கேள்வி: கடையில் கலந்து விற்கும் விதைதான் போடுகிறேன். தட்டு எப்போதும் நிறையத்தான் இருக்கிறது, ஆனாலும் பறவை மெலிகிறது. ஏன்?

தட்டில் நிறைந்திருப்பது பெரும்பாலும் உமி. லவ்பேர்ட் விதையை உரித்துப் பருப்பைத் தின்றுவிட்டு உமியை அதே தட்டில் போடும். மேலே பார்த்தால் தட்டு நிறைந்தே தெரியும், பறவை பட்டினி கிடக்கும். தினமும் காலையில் தட்டை வெளியே எடுத்து ஊதிப் பாருங்கள். அப்படியும் மெலிந்தால் சமையலறைத் தராசில் தினம் நிறுங்கள். 50 கிராம் பறவை 45-க்கு இறங்கினால் மருத்துவரிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

ஒரு பறவைக்கு ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி விதை, அதாவது 10 முதல் 12 கிராம் போதும். ஜோடிக்கு மாதம் முக்கால் கிலோ ஆகும். மலிவாகக் கிடைக்கிறதென்று 5 கிலோ மூட்டை வாங்காதீர்கள். நம் ஈரக் காற்றில் இரண்டு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும், அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். முகர்ந்து பார்த்தால் மக்கல் வாடை அடிக்கும் விதையைக் காயவைத்து மறுபடி போடாதீர்கள். வெயில் பூஞ்சையைக் கொன்றாலும் நஞ்சு விதையிலேயே தங்கிவிடும்.

தினை, சாமை, கேனரி விதை மூன்றும் சேர்ந்து முக்கால் பங்கு, உமி நீக்காத ஓட்ஸ் கொஞ்சம், சூரியகாந்தி விதை ஒரு பறவைக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு. சூரியகாந்தியை அள்ளிப் போட்டால் அதை மட்டும் பொறுக்கித் தின்று கொழுக்கும். விதையிலேயே வளரும் பறவைக்கு வைட்டமின் ஏ பற்றாது. மூக்குத் துளை அடைப்பு, கண் வீக்கம், வாய்க்குள் வெள்ளைக் கட்டி என்றுதான் அது வெளிப்படும். இதற்கு முருங்கைக் கீரையை மிஞ்சியது இல்லை. ஒரு கொத்தை அப்படியே கம்பியில் செருகிவிடுங்கள், உருவித் தின்னும். துருவிய கேரட், மஞ்சள் பூசணி, சிவப்பு மிளகாய் எல்லாம் போடலாம். மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது. கணவாய் ஓடு ஒன்று எப்போதும் தொங்கட்டும்.

அவகாடோ, சாக்லெட், உப்புப் பண்டம், தேத்தண்ணி கூடவே கூடாது. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: செம்பனை வரிசைக்கு இடையில் முளைத்த கீரையையும் புல் கதிரையும் பறிக்காதீர்கள். பாராகுவாட் என்ற புல் மருந்து 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் வேறு புல் மருந்துகள் அங்கே அடிக்கப்படுகின்றன. வீட்டுக் கொல்லையில் வளர்ந்ததை மட்டும் கொடுங்கள்.

கேள்வி: ஃபிஷர் ஜோடி இரண்டு முறை முட்டையிட்டது. முதலில் 5, அடுத்து 6. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. இரண்டாம் ஈட்டில் நாலு முட்டையை உடைத்துப் பார்த்தபோது உள்ளே முழுக் குஞ்சு செத்திருந்தது. வெளிநாட்டுக் குறிப்பில் படித்தபடி கூட்டை நனைத்துத்தான் வைத்தேன். பெட்டி கூரைச் சட்டத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறது. என்ன தவறு?

கேள்வியிலேயே இரண்டு காரணங்களைச் சொல்லிவிட்டீர்கள். முதலில் மற்ற வாசகர்களுக்காக: கூமுட்டையா, குஞ்சு உருவாகிச் செத்ததா என்று பிரிக்காமல் காரணம் தேடவே முடியாது. பெண் அடைகாக்க உட்கார்ந்த 7-ஆம் நாள், அது தீனிக்கு வெளியே வரும்போது, சின்ன டார்ச்சை முட்டையின் அடியில் பிடியுங்கள். சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோலத் தெரிந்தால் கரு இருக்கிறது. ஒரே மஞ்சளாகத் தெரிந்தால் கூமுட்டை.

எல்லாமே கூமுட்டை, அதுவும் எட்டு பத்து என்று பெட்டி நிறைய இருந்தால் அது இரண்டு பெண்கள் இட்டது. ஐந்தாறில் எல்லாம் கூமுட்டை என்றால் பறவைக்கு ஒரு வயது நிரம்பவில்லை, அல்லது குச்சி ஆடுகிறது. ஆடும் குச்சியில் ஆண் ஏறி நிற்க முடியாது. இரு முனையையும் இறுக்கிக் கட்டினால் அடுத்த ஈட்டில் சரியாவதுண்டு.

உங்களுடையது வேறு. குஞ்சு முழுக்க வளர்ந்து ஓட்டுக்குள் செத்திருக்கிறது. அடைகாக்கும் 23 நாளில் முட்டை தன் எடையில் 100-க்கு 12 முதல் 15 பங்கை நீராவியாக வெளியே விட வேண்டும். அப்போதுதான் மொட்டை முனையில் காற்றறை பெரிதாகி, குஞ்சு முதல் மூச்சு விட இடம் கிடைக்கும். குளிர்நாட்டு வீடுகளில் சூடேற்றிய காற்று காய்ந்து கிடக்கும். அங்கே முட்டை அளவுக்கு மீறி வற்றிவிடும் என்பதால் கூட்டை நனைக்கச் சொல்கிறார்கள். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அதன்மேல் நனைத்தால் முட்டை வற்றாது, காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு உள்ளேயே மூழ்கியது போலச் சாகும். கூடப் பூஞ்சையும் பிடிக்கும். குளிக்க ஒரு தட்டுத் தண்ணீர் வையுங்கள். நனைந்த மார்போடு பெண் உள்ளே கொண்டுபோகும் ஈரமே போதும்.

இரண்டாவது, கூரைச் சட்டம். தகரத்தின் வெப்பம் மதியத்தில் பெட்டிக்குள் ஏறும். அடைகாக்கும் முட்டைக்கு 37 பாகையை ஒட்டிய சூடு வேண்டும், 40-ஐத் தாண்டினால் கரு சாகும். பெட்டியைக் கூண்டின் வெளிப்பக்கத்தில், சுவர் நிழலில், கண் உயரத்தில் மாட்டுங்கள். 20 செ.மீ. நீளம், 20 அகலம், 25 உயரம், 5 செ.மீ. வட்டத் துளை. 12 மில்லிமீட்டர்ப் பலகை, மேல் ஓரத்தில் காற்றுக்கு நாலு சிறு துளை. அடியில் இரண்டு விரல் உயரம் மரச்சீவல் போடுங்கள். மரத்தூள் வேண்டாம், குஞ்சின் மூக்கை அடைக்கும்.

கூடு கட்டப் பச்சைத் தென்னை ஓலையைக் கிழித்துக் கொடுங்கள். செம்பனை ஓலையும் ஆகும், ஆனால் மருந்து படாததாக இருக்க வேண்டும். தினமும் கையை விட்டுத் துழாவாதீர்கள். அடுத்த முறை முட்டையிட்டதும் முதல் முட்டையின் நாளை நாட்காட்டியில் குறியுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இடும், இரண்டாவது மூன்றாவது முட்டைக்குப் பிறகே உறுதியாக உட்காரும். அதனால் முதல் முட்டையிலிருந்து 23 நாள் எண்ணிவிட்டு, பொரிக்கவில்லை என்று தூக்கிப் போட்டால் உயிருள்ள குஞ்சைத்தான் கொல்கிறோம்.

இப்போது பெட்டியைக் கழற்றிவிட்டு மூன்று மாதம் ஓய்வு கொடுங்கள். ஆண்டுக்கு இரண்டு ஈட்டுக்கு மேல் விட்டால் பெண்ணின் எலும்பிலுள்ள சுண்ணாம்பு வற்றி, முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்து முக்கினால் அதுதான். 30 பாகை வெதுவெதுப்பில், பக்கத்தில் வெந்நீர்க் கிண்ணம் வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வயிற்றை அமுக்கினால் முட்டை உள்ளே உடையும், பறவை பிழைக்காது.

கேள்வி: பச்சை பீச் ஃபேஸ் ஜோடிக்குச் சிவப்புக் கண்ணோடு மஞ்சள் குஞ்சு பிறந்திருக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. அது லுட்டினோ எனப்படும் மஞ்சள் வகை. பீச் ஃபேஸில் இந்தக் குணம் பாலினக் குரோமோசோமில் ஏறி வருவது. தகப்பன் பச்சையாக இருந்துகொண்டே அதைச் சுமக்கிறது. இப்படிப் பிறக்கும் மஞ்சள் குஞ்சு எல்லாமே பெண், சோதனை தேவையில்லை. சராசரியாகப் பெண் குஞ்சுகளில் பாதி மஞ்சளாக வரும். ஃபிஷரில் கணக்கு வேறு: அங்கே தாயும் தகப்பனும் இருவரும் சுமந்தால்தான் மஞ்சள் வரும், வருவது ஆணாகவும் இருக்கலாம்.

கேள்வி: பீச் ஃபேஸையும் ஃபிஷரையும் ஜோடி சேர்க்கலாமா?

வேண்டாம். குஞ்சு பிறக்கும், அது மலடாக இருக்கும். 1960-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்கர் இந்த இரண்டையும் கலந்து பார்த்தார். பீச் ஃபேஸ் பெண் கூட்டு நாரைப் பின்முதுகு இறகில் செருகிக்கொண்டு பறக்கும். ஃபிஷர் அலகில் கவ்விக்கொண்டு போகும். கலப்புக் குஞ்சு இறகில் செருகவும் தெரியாமல், விடவும் முடியாமல், நாரை வழியெல்லாம் தவறவிட்டது. அலகில் கொண்டுபோகப் பழகவே அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆனது. அப்படி ஒரு உயிரை வேண்டுமென்றே உருவாக்குவது நமக்கு நியாயமாகப் படவில்லை.

சின்னச் சின்னக் கேள்விகள்

*பேசுமா?* அநேகமாகப் பேசாது. விசில் பழகும்.

*எத்தனை வருடம் இருக்கும்?* நன்றாக வளர்த்தால் 10 முதல் 15.

*கைத்தீனி கொடுக்கும் குஞ்சின் தொண்டைப் பை சிவந்து புண்ணாகிவிட்டது.* கஞ்சி கொதித்திருக்கிறது. வெப்பமானி வைத்து 39, 40 பாகையில் கொடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினால் சில இடத்தில் மட்டும் கொதிக்கும், நன்றாகக் கலக்கிவிட்டு அளந்து பாருங்கள்.

*உரிமம் வேண்டுமா?* பீச் ஃபேஸ் மட்டும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலிலிருந்து 2005-இல் நீக்கப்பட்டது. மற்ற எட்டும் இரண்டாம் இணைப்பில் இருக்கின்றன. வாங்குமுன் பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையின் மாநில அலுவலகத்தில் கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் சின்னப் பச்சைக் கிளியைப் பார்த்தேன். அது தப்பிப்போன லவ்பேர்டா? எங்கள் வீட்டு லவ்பேர்டையும் அதோடு விட்டுவிடலாமா? (ஐந்தாம் ஆண்டு மாணவர்)

நல்லாப் பார்த்திருக்கிறாய், தம்பி. அது செரின்டிட், இந்த மண்ணின் கிளி. 12 செ.மீ.தான் இருக்கும். ஆணுக்கு உச்சியில் நீலப் பொட்டு, தொண்டையில் சிவப்பு. வௌவால் போலத் தலைகீழாகவே தூங்கும். உனக்கு ஆச்சரியமான ஒன்று சொல்கிறோம்: லவ்பேர்டுக்கு மிக நெருங்கிய சொந்தம் இந்தச் செரின்டிட் வகைக் கிளிகள்தான். இதன் பெண்ணும் பீச் ஃபேஸ் மாதிரியே இலைத் துண்டுகளை இறகில் செருகிக்கொண்டு கூட்டுக்குப் போகும்.

உன் லவ்பேர்டை விடாதே. கூண்டில் பிறந்ததற்குத் தீனி தேடவோ பருந்துக்கு ஒளியவோ தெரியாது, சில நாளில் செத்துவிடும். சாகாமல் பிழைத்தால் அது வேறு தொல்லை. கென்யாவின் நைவாஷா ஏரிப் பக்கம் மனிதர்களால் வந்து சேர்ந்த ஃபிஷரும் மாஸ்க்கும் ஒன்றோடொன்று கலந்து, எந்த இனம் என்றே சொல்ல முடியாத கூட்டமாகப் பெருகிவிட்டன. இறகும் அலகும் கெட்டுப்போகும் ஒரு வைரஸ் நோயும் கூண்டுக் கிளிகளிடம் உண்டு, செரின்டிட்டுக்கு அது தொற்றினால் மருந்து கிடையாது. வளர்க்க முடியவில்லை என்றால் அப்பாவிடம் சொல்லி, ஏற்கெனவே லவ்பேர்ட் வளர்ப்பவரிடம் கூண்டோடு கொடுத்துவிடுங்கள். வாங்குபவர் 30 நாள் தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகே தன் பறவைகளோடு சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடு.